கோலத்துக்குப் பின்னால் ஒரு கொல்லை

மார்கழி மாதத்தில் திருக்காட்டுப்பள்ளித் தெருக்களைப் பார்த்துச் சொக்கிப்போகாதவர்கள் உண்டா? வாசலுக்கு வாசல் கோலம். கோலத்து நடுவே சாணி உருண்டை. உருண்டையின் உச்சியில் மஞ்சள் மஞ்சளாகப் பறங்கிப்பூ. தெருவில் போகிறவர்கள் பார்ப்பது இவ்வளவுதான். அந்த வாசலுக்குப் பின்னால், கூடம் தாண்டி, அடுக்களை தாண்டி, கிணற்றடி தாண்டி என்னென்ன நடக்கிறது தெரியுமா? நான் எட்டிப் பார்த்துவிட்டேன். பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை!

முதல் ரகசியம், கோலம் தொடங்குகிற இடம் கொல்லை. தொடங்குகிற மாதம் புரட்டாசி. பறங்கி விதை ஊன்றி ஆறேழு வாரத்தில்தான் பூவெடுக்கும். மார்கழி முதல் நாள் வாசலில் பூ வைக்க வேண்டுமென்றால், புரட்டாசி முடிவதற்குள் எருக்குழி ஓரமாக நாலு விதையாவது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் காலண்டரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இங்குள்ள அப்பாயிகளுக்கு அது கைவசம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் நீளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்வாசல் ஒரு தெருவில், கொல்லை வாய்க்காலோரத்தில். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வழியில் வாழை நிற்கும். கிணற்றடியில் செம்பருத்தி, நந்தியாவட்டை, மதிலோரம் பவளமல்லி. மார்கழிக்கென்றே பிறந்த மாதிரி ஊதா நிற டிசம்பர் பூ. அத்தனைக்கும் நடுவே துணி துவைக்கிற கல்லில் ஏறி, வைக்கோல் போரையும் எட்டிப் பிடித்துக்கொண்டு பறங்கிக் கொடி. யாரும் திட்டம் போட்டு வரையாத தோட்டம் இது. ஆனாலும் இதில் எனக்குக் கிடைக்கிற மகிழ்ச்சி, கத்தரித்துவிட்ட புல்வெளியில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஒரு வீட்டுக் கொல்லை. விடியற்காலை. கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கிறது. பனி இன்னும் விலகவில்லை. கையில் செல்போன் வெளிச்சத்தோடு பேத்தி கொடிக்குள் காலை வைக்கிறாள்.

"அப்பாயி, இந்தப் பூவப் பறிக்கட்டுமா?"

"காம்பப் பாருடி. அடியில பிஞ்சு இருந்தா தொடாத. மெல்லிசா நீட்டமா இருக்கில்ல, அதப் பறி."

"எல்லாத்தையும் பறிச்சிரட்டா?"

"ரெண்டு விட்டுட்டு வா. தேனீ வர வேணாமா? அப்புறம் பொங்கலுக்குக் காய் எங்கேருந்து வரும்?"

இந்த நாலு வரிக்குள் ஒரு தாவரவியல் பாடமே இருக்கிறது! பறங்கிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் உருண்டையாகத் தெரியும். ஆண் பூவுக்கு வெறும் நீளக் காம்புதான். எண்ணிக்கையில் ஆண் பூக்களே மிக அதிகம். அதனால் அவற்றில் சிலவற்றை வாசலுக்குக் கொடுத்தாலும் கொடிக்கு நஷ்டமில்லை. மொத்தத்தையும் பறித்துவிட்டால்தான் மகரந்தம் இல்லாமல் பிஞ்சு வெம்பி உதிரும். பூ விரிவது விடியலில், வாடுவது வெயில் ஏறியதும். ஒரு காலைப்பொழுதுக்கு மட்டுமே உயிர்வாழும் பூவை, ஒரு காலைப்பொழுதுக்கு மட்டுமே இருக்கப்போகிற கோலத்துக்குத் தேர்ந்தெடுத்த அந்த முதல் பெண்மணி யாரோ, அவருக்கு என் நமஸ்காரம்.

இப்போது வாசலுக்கு வாருங்கள். சாணம் கரைத்துத் தெளித்தாயிற்று. தென்னை விளக்குமாறு ஓய்ந்தாயிற்று. ஈரம் சரியான பதத்துக்கு வர ஒரு நிமிஷம் காத்திருக்கிறார்கள். ரொம்ப ஈரமாக இருந்தால் மாவு ஊறிவிடும், காய்ந்துவிட்டால் காற்றில் பறந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதை மூக்கு தரையில் படுமளவு குனிந்து பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைக் கிள்ளிப் பிடிக்கின்றன. நடுவிரல் பின்னாலிருந்து மெல்லத் தள்ளுகிறது. மாவு உதிரவில்லை, ஒழுகுகிறது! இழையின் பருமன் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை மாறவில்லை. இடுப்பை வளைத்து நின்றபடியே பின்னால் நகர்ந்துகொண்டு போகிறார்கள். உட்காருவதே இல்லை.

அன்றைக்கு இட்டது ஊடுபுள்ளி, 15-லிருந்து 8 வரை. நடு வரிசையில் 15 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் நிற்கும். கூட்டிப் பாருங்கள், 169 புள்ளிகள்! அளவுகோல் கிடையாது, நூல் கிடையாது, வெறும் கண்ணளவு. அதன்மேல் இழை ஓடிப் பூவும் இலையுமாக விரியும்போது, கொல்லையில் பார்த்த டிசம்பர் பூவே தெருவில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வாசலில் சிக்குக் கோலம். அதன் சட்டம் கடுமை. எந்தப் புள்ளியும் வளைவுக்குள் அடங்காமல் தனித்து நிற்கக் கூடாது. எந்த இழையும் நடுவழியில் அறுந்து நிற்கக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். இதைக் கணித மேதைகள் சும்மா விடவில்லை. சென்னை கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரித்திவாசனும் 1974-இல் கோலங்களை வைத்துக் கணினி இலக்கணம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் விதிகள் எழுத முடியும், சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் சின்னக் கோலம் பெரிய கோலமாக வளரும் என்று காட்டினார்கள். நம் வாசல், கணினி அறிவியலுக்குள் போய்விட்டது. இதைச் சொன்னபோது மாவுக் கிண்ணத்தோடு நின்ற அக்கா கேட்டது ஒன்றுதான்: "அவங்க மெஷினு மாவு சிந்தாம போடுமா?"

சரி, இந்த வடிவங்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? இதுதான் நான் மிகவும் ரசித்த பகுதி.

அதே அப்பாயி வீட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு பழைய நோட்டு. அட்டை கிழிந்து, மஞ்சள் கறை படிந்து, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்தது. பக்கம் பக்கமாகப் பேனாப் புள்ளிகள். முன்பக்கங்களில் தாமரை, மயில், சங்கு, தேர். பின்பக்கங்களில் கல்லூரிக்குப் போகும் பேத்தியின் கை. அங்கே கோயில் நிலைப்படியின் ஓரத்தில் ஓடும் கொடிக்கருக்கு இருக்கிறது. தூணின் தலையிலிருந்து தொங்கும் வாழைப்பூப் போதிகை இருக்கிறது. கல்லணையின் மதகுகள்கூட வரிசையாக இருக்கின்றன! சாமி கும்பிடப் போனவள் கல்லையும் கவனித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அந்த வாழைப்பூவைப் பார்த்ததும் எனக்குள் மணி அடித்தது. விஜயநகர, நாயக்கர் காலத்து மண்டபங்களில் அண்ணாந்து பாருங்கள். தூணும் உத்தரமும் சேருமிடத்தில் கல்லில் செதுக்கிய வாழைப்பூ தலைகீழாகத் தொங்கும். நுனி கூர்ந்து, மடல்கள் விரியத் தயாராக, கொல்லை வாழையில் இருப்பதுபோலவே. உளி பிடித்த சிற்பிக்கும் தோட்டம்தான் ஆசான். சிற்பி கொல்லையைப் பார்த்துக் கல்லில் வைத்தார். பேத்தி கல்லைப் பார்த்து நோட்டில் வைத்தாள். நாளைக்குத் தெருவில் வைப்பாள். அந்தத் தெருவைப் பார்த்து இன்னொருத்தி கொல்லையில் ஒரு செடி கூடுதலாக வைப்பாள். இந்தச் சுற்றுக்குத் தொடக்கப்புள்ளி எது என்று சொல்லவே முடியாது.

இந்த ஊர்க் கோயிலின் கதையிலேயே ஒரு தோட்டம் இருக்கிறது. குடமுருட்டிக் கரையில் இருக்கும் அக்னீஸ்வரர் கோயில், சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம், காவிரித் தென்கரைத் தலங்களில் 9-ஆவது. அக்னி பகவான் வந்து தீர்த்தம் உண்டாக்கி வழிபட்டதால் அந்தப் பெயர் என்பார்கள். தலபுராணத்தில் இன்னொரு கதை. உறையூரை ஆண்ட சோழனின் நந்தவனத்தில் அபூர்வமான செவ்வந்தி பூத்தது. அந்தப் பூவை ராஜா இரண்டு ராணிகளுக்கும் கொடுத்தார். மூத்தவள் திருக்காட்டுப்பள்ளி சிவனுக்குச் சாத்தினாள். இளையவள் தன் கூந்தலில் சூடிக்கொண்டாள். உறையூர் மண்மாரியில் புதைந்தபோது மூத்த ராணி மட்டும் தப்பினாள். எனக்கு இளைய ராணிமேல் இரக்கம்தான். பூவைக் கண்டால் தலையில் வைக்கத் தோன்றுவது இயற்கை இல்லையா! ஆனால் ஒரு பூவை எங்கே வைப்பது என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இந்த மண்ணில் நினைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கிழக்கே கண்டியூர்ச் சாலையில் போனால் திருப்பூந்துருத்தி. அங்கே அப்பர் மடம் அமைத்துத் தங்கினார். கையில் எப்போதும் உழவாரம். கோயில் பிராகாரத்தில் புல்லும் முள்ளும் செதுக்குகிற கருவி அது. நம் ஊரின் முதல் பெரிய தோட்டக்காரர் என்று அவரைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் உழவாரப் பணி செய்த மண்ணில் கால் வைக்கச் சம்பந்தர் தயங்கி வெளியிலேயே நின்றதாகவும், சம்பந்தர் அங்கிருந்தே சிவனைப் பார்க்கட்டும் என்று நந்தி விலகியதாகவும் அந்தத் தலத்தில் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. நந்தி கல்யாணத்துக்குச் சுற்றியுள்ள ஏழூர்க்காரர்களும் ஆளுக்கொன்று கொடுத்தபோது, பழம் திருப்பழனத்திலிருந்து, சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து. பூ? திருப்பூந்துருத்தியிலிருந்துதான்!

மேற்கே போனால் கல்லணை. கரிகாலன் பெயரைச் சொல்லும் அந்த அணை 329 மீட்டர் நீளம். வெட்டிச் செதுக்காத கற்களை அடுக்கி எழுப்பிய பழைய உடல், நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து போகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அதில் காவிரி இந்த ஊருக்கு வந்ததும் குடமுருட்டியாக இன்னொரு கிளை விடுகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். ஆக, மார்கழி முழுக்க ஆற்றில் தண்ணீர் ஓடும் காலம். பறங்கிக் கொடி இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கும் கல்லணைக்கும் நேரடி உறவு இருக்கிறது. பேத்தி நோட்டில் மதகு வரைந்தது எவ்வளவு பொருத்தம்!

இந்தக் கலை ஊர் எல்லையைத் தாண்டியும் போய்விட்டது. 2020 நவம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் வெற்றி பெற்றபோது, அவருடைய தாத்தாவின் ஊரான, மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பெண்கள் வாசலில் கோலம் போட்டு வாழ்த்தினார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் அவருடைய பதவியேற்பை ஒட்டி, பலர் தங்கள் வீட்டிலிருந்தே கோலம் வரைந்து அனுப்ப, அவற்றைச் சேர்த்து ஒரே படைப்பாக்கினார்கள். பொதுக் கலை என்றால் நாற்சந்தியில் நிற்கும் சிலை என்றே பலர் நினைக்கிறார்கள். அரசு மானியமும் திறப்பு விழாவும் இல்லாமல், ஒவ்வொரு நாளும் புதிதாக, வீட்டுப் பெண்கள் கைக்காசில் நடத்தும் இந்தத் தெருக் கண்காட்சிதான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பொதுக் கலை என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக ஒரு ரகசியம். வண்ணக் கோலமெல்லாம் பொங்கலுக்குத்தான். மார்கழிக்கு வெள்ளை இழையும் செம்மண் கரையும் போதும் என்பது அப்பாயி கட்சி. பேத்தி கட்சிக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டில் தினமும் விடியற்காலை இதற்கு ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. மாவிலும் இரண்டு கட்சி உண்டு. கல்மாவில் இழை பளிச்சென்று விழும். அரிசி மாவில் எறும்புக்கும் அணிலுக்கும் பங்கு உண்டு. நெல் விளைகிற ஊரில் நான் அரிசி மாவின் பக்கம்.

நீங்களும் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூரிலிருந்து பேருந்து இருக்கிறது. ரயிலில் வந்தால் பூதலூரில் இறங்குங்கள். மார்கழியில் வாருங்கள், காலை ஆறு மணிக்கு முன்னால் வாருங்கள். எட்டு மணிக்கு மேல் சைக்கிளும் டிராக்டரும் பாதிக் கோலத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். வர முடியாதவர்கள் புரட்டாசி முடிவதற்குள் ஒரு தொட்டியிலாவது இரண்டு பறங்கி விதை ஊன்றி வையுங்கள். மாடி வெயில் போதும், பூ நிச்சயம் வரும்.