குளோஸ்டர் துறையில் அன்னபூரணி

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, விருத்தாசலத்துக்கு அப்பால் வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஆகவே அம்மலையடிவாரத்துச் சங்கராபுரத்து வாசகருக்கும் கடலோடு ஒரு நீர்வழித் தொடர்பு உண்டு. அந்தக் கரையைப் பற்றித் தெற்கே சென்று, கோடியக்கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பாக்கு நீரிணையைக் கடந்தால் வருவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை ஊரான வல்வெட்டித்துறை. ஊரார் வழக்கில் வல்வை. மீன்பிடித்தலோடு கப்பல் கட்டுதலையும் கப்பலோட்டுதலையும் தலைமுறைத் தொழிலாகக் கொண்டிருந்த இவ்வூரில் கட்டப்பட்ட கப்பல் ஒன்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலுள்ள குளோஸ்டர் என்னும் மீன்பிடி நகரை அடைந்தது.

‘அன்னபூரணி’ என்பது அதன் பெயர். நீளம் 89 அடி. கப்பலியலார் ‘பிரிகண்டைன்’ என்று வகைப்படுத்தும் அமைப்பினது; அதாவது, இரண்டு பாய்மரங்களில் முன்மரத்தில் குறுக்குக் கழிகளில் தொங்கும் சதுரப் பாய்களும், பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் விரியும் பாய்களும் அமைந்தது. சதுரப் பாய் பின்னாலிருந்து வரும் காற்றை வாங்கித் தள்ளும். நீளவாக்குப் பாய் எதிர்க்காற்றிலும் சாய்ந்து சாய்ந்து முன்னேற உதவும். 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்து 1931இல் நாடு திரும்பிப் புகழ்பெற்றிருந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் இக்கப்பலை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்’ என மாற்றியழைத்தார். பெயர் மாறினாலும் கட்டிய கைகள் மாறவில்லை. ஓட்டிய கைகளும் வல்வையின் கைகளே. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊர்க்காரர்களான மாலுமிகளும் அதைச் செலுத்தினர். (தண்டையல் என்பது கப்பல் தலைவரைக் குறிக்கும் கரையோர வழக்கு.) இப்பயணம் பற்றிய பேச்சில் வாங்கியவரின் பெயர் முன்னும் தண்டையலின் பெயர் பின்னுமாக வருவது முறையன்று.

இவர்கள் சென்ற வழியின் அருமையைக் காற்றை வைத்தே அளக்க வேண்டும். வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான் என்று யாழ்ப்பாணக் கடலோடிகள் காற்றுக்குப் பெயரிட்டு, அவற்றின் முறை பார்த்தே நாகப்பட்டினத்துக்கும் பர்மாவின் ரங்கூனுக்கும் அக்கியாபுக்கும் போய்வந்தனர். வங்கக் கடலின் இந்தக் கணக்கு அரபிக் கடலிலும் ஏடன் வரை செல்லும், அதற்கப்பால் செல்லாது. செங்கடலின் வடபாதியில் ஆண்டின் பெரும்பகுதி காற்று வடக்கிலிருந்தே வீசுவதால், சூயஸ் நோக்கிச் செல்லும் பாய்க்கப்பல் அதை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக உழ நேர்கிறது. மத்தியதரைக் கடலில் மேற்கு நோக்கிப் போவோர்க்கு மேல்காற்று எதிராகிறது. ஜிப்ரால்டரைத் தாண்டியபின் நேரே மேற்கே திரும்பாமல் தெற்கே இறங்கி, கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வணிகக் காற்றைப் பிடித்து அட்லாண்டிக்கைக் கடப்பதே பாய்க்கப்பலின் மரபான வழி. பர்முடாத் தீவைத் தொட்டு அங்கிருந்து வடக்கே ஏறும்போது, வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டம் பின்தங்க, குளிர்ந்த நீரும் கோடையின் அடர்பனியும் தொடங்குகின்றன. வடக்கு ஒன்பதே முக்கால் பாகையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாற்பத்திரண்டரைப் பாகைக்கும் மேலே வந்து சேர்ந்தனர். வழியில் அமைந்த ஒவ்வொரு கடலின் காற்றையும் அங்கேயே கற்றுக்கொண்டு வந்தனர் என்பதுதான் வியப்புக்குரியது.

அவர்கள் வந்திறங்கிய குளோஸ்டர் 1623இல் ஆங்கிலேயர் குடியேறிய ஊர். காட், ஹாலிபட் முதலிய மீன்களைத் தேடி ‘ஸ்கூனர்’ எனும் பாய்க்கப்பல்களில் தொலைகடலுக்குச் சென்று வாழ்ந்த ஊர். அப்படிச் சென்று மீளாதவர்களின் எண்ணிக்கை 5,000க்கும் மேல். கடலைப் பார்த்துச் சுக்கான் சக்கரத்தைப் பற்றி நிற்கும் மீனவரின் வெண்கலச் சிலை அவர்கள் நினைவாக 1925இல் நிறுவப்பட்டது. அசோர்ஸ் தீவுகளிலிருந்து குடியேறிய போர்த்துகீசிய மீனவர்களின் மாதா கோயிலில், மரியன்னையின் சிலை கையில் குழந்தைக்குப் பதிலாக ஒரு சிறு ஸ்கூனரை ஏந்தியிருக்கிறது. வேளாங்கண்ணிக் கோயிலையும் புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகளின் நேர்த்திக்கடனோடு மரபு இணைப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு, இந்தச் சிலையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஊர் தொலைநாட்டுப் பாய்க்கப்பலை வரவேற்றதற்கு வெறும் விருந்தோம்பலைக் காரணமாகக் கூறிவிட முடியாது. அதன் வருகையைப் பாஸ்டன் நாளிதழ் செய்தியாக்கியது. இலங்கையிலிருந்து வந்த ‘இந்துக் கப்பல்’ என்ற வியப்பு அச்செய்தியில் தொனித்தது. துறைமுகத்தில் நின்ற முதிய மீனவருக்கோ கயிறும் கப்பியும் பாயும் புதியன அல்ல. அவர்கள் கண்முன் ஸ்கூனர்கள் இயந்திரப் படகுகளுக்கு இடம்விட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தன; பிழைப்புக்காகப் பாய் விரிப்பவர் ஆண்டுதோறும் குறைந்துவந்தனர். அந்த வேளையில், பாய்த்தொழிலை இன்னும் அன்றாடப் பிழைப்பாகக் கொண்ட ஓர் ஊரின் மாலுமிகள் பாதி உலகைக் கடந்து அத்துறைக்குள் நுழைந்தனர்.

அதே 1938 அக்டோபரில், குளோஸ்டரின் ‘கெர்ட்ரூட் எல். தெபோ’ என்ற ஸ்கூனரும் கனடாவின் ‘புளூநோஸ்’ என்ற ஸ்கூனரும் அக்கரையோரக் கடலில் பந்தயம் ஓடின. ‘புளூநோஸ்’ வென்றது. மீன்பிடி ஸ்கூனர்களுக்கான அந்தப் பன்னாட்டுப் பந்தயம் அதன்பின் நடைபெறவில்லை.