சாவி வாங்கும் முன் ஒரு கையெழுத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ தேர்வாய் கண்டிகைக்கோ திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டைக்கோ வேலைக்கு வருகிறவருக்கு வீடு தேடக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வார விடுமுறை நாள்தான். அந்த ஒரு நாளில் குழாயைத் திறந்து பார்ப்பார், சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பார், அட்வான்ஸைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்வார். இவை எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஓதம் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் வேறு வீடு தேடலாம். கொடுத்த அட்வான்ஸ் முழுதாகத் திரும்புமா, வாடகை வாங்கியவர் உண்மையிலேயே வீட்டுக்கு உரியவர்தானா என்பதெல்லாம் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். அதனால் வீடு பார்க்கப் போகிறவர் சுவருக்கு முன்பே காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் அந்த அதிகாரி. அரசின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும். வீட்டுக்குள் வந்து பார்க்க ஓனர் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் சென்னையில் ஊறிப்போனது. சட்டம் மூன்று மாத வாடகைதான் வரம்பு என்கிறது. ஆனால் அதே பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அதற்கு இடம் விடுகிறது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர், தனக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பைத் தானே எழுதிக் கொடுத்துவிட நேரும். இந்த ஒரு காரணத்துக்காகவாவது ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

“பதினொரு மாதத்துக்குத்தானே எழுதுகிறோம், பதிவு எதற்கு?” என்று புரோக்கர் சொல்வார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கப் பிறந்ததுதான் அந்தப் பதினொரு மாதக் கணக்கு. வாடகைச் சட்டம் காலத்தின் நீளத்தைப் பார்ப்பதில்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி ஓனர் வீட்டைக் காலி செய்யக் கோரவும் அதில் வழி இருக்கிறது. அப்படி ஒரு நிலை வந்தால், ‘வாயால் பேசிக்கொண்டோம்’ என்பது குடியிருப்பவரைக் காப்பாற்றாது.

அடுத்தது, கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பது. வீட்டைக் காட்டுகிறவர் ஓனரின் தம்பியாக இருக்கலாம், பவர் வாங்கியவராக இருக்கலாம், தானே லீசுக்கு எடுத்து உள்வாடகைக்கு விடுகிறவராகவும் இருக்கலாம். வீட்டு வரி ரசீதையும் கரண்ட் பில்லையும் கேட்டுப் பெயரை ஒப்பிடுங்கள். சர்வே எண் கிடைத்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வங்கியில் பத்திரத்தை அடமானம் வைத்துப் பதிவு செய்திருந்தால் அது அங்கே தெரியும். லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து லீசுக்கு, அதாவது போக்கியத்துக்கு, வீடு எடுப்பவர்கள் இதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. ஓனர் கடனைக் கட்டாமல் வங்கி ஏலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பதிவு செய்த ஆவணம் இல்லாத வாடகைதாரர், வங்கி கடன்காரருக்கு நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து ஓராண்டுக்கு மேல் அங்கே இருக்க உரிமை கோர முடியாது. போக்கியப் பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. ஓனரிடம்தான் வழக்காடி வாங்க வேண்டும். ஏலம்வரை வந்த ஓனரிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று வெகுதூரத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் பலர், கான்ட்ராக்டர் பிடித்துக் கொடுக்கும் லைன் வீடுகளில் தங்குகிறார்கள். வாடகை கூலியிலிருந்து பிடிக்கப்படும். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தாலும் அது கான்ட்ராக்டர் பெயரில் இருக்கும். அப்படியானால் அந்த அறையில் படுத்து எழுகிறவர் சட்டத்தின் கண்ணில் வாடகைதாரரே இல்லை. வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக நிறுவனம் தன் ஊழியருக்குத் தரும் சொந்தக் குடியிருப்பும் இந்தச் சட்டத்துக்கு வெளியேதான். வேலை போனால் அன்றே இடமும் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு சேர்வது ஒன்று, தெரியாமல் சேர்வது வேறு. இந்த மனிதர்களின் உழைப்பில் ஓடும் தொழிற்சாலைகள், அவர்கள் எந்தக் காகிதத்தின் பேரில் தங்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்பதாவது கடமை.

இதற்கெல்லாம் வரும் மறுப்பு வலுவானது. ‘ரூம் கிடைப்பதே பாடு, இவ்வளவு கேட்டால் ஓனர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்.’ விடத்தான் செய்வார், சிலர். ஆனால் ஓனரின் தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் பயம்: குடியேறியவர் கிளம்ப மாட்டாரோ என்ற பயம். அந்தப் பயத்துக்கும் இதே சட்டத்தில் பதில் இருக்கிறது. காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதத்துக்கு இரு மடங்கு வாடகையும், அதன்பின் நான்கு மடங்கும் கட்ட வேண்டும். அதைச் சொல்லிக் கேட்டால் ஒத்துக்கொள்ளக் கூடியவர்கள் உண்டு. அப்போதும் மறுப்பவரிடம் வீடு எடுத்தே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர், குறைந்தபட்சம் அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் ஓனரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பட்டும். மாத வாடகையும் அப்படியே. ஒப்பந்தத்தின் வேலையை அது முழுதாகச் செய்யாது. ஆனால் பணம் கை மாறியதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குழாயும் சுவரும் இதன் பிறகு வரட்டும், அவையும் முடிந்தவரை எழுத்துக்குள் வரட்டும். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் சென்னைக்காகப் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை எடுத்ததில் கடல்நீர் உள்ளே ஏறியிருக்கிறது. ஒரு தெருவில் நன்றாக இருக்கும் போர் தண்ணீர் அடுத்த தெருவில் உப்புக் கரிக்கும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். சில நூறு ரூபாய் மீட்டரில் அளந்துவிடலாம். ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலைக்கும் அருகில் வீடு என்றால், 2015லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓனரைக் கேட்காமல் எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்கள். கரண்டுக்குத் தனி இணைப்பா, சப்மீட்டரா என்று பாருங்கள். ஒரே இணைப்பில் நான்கு குடித்தனம் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் நான்காகப் பிரியும், கூடுதல் பயன்பாட்டுக்கான உயர்ந்த கட்டணமும் எல்லார் தலையிலும் விழும். யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குடிபுகும் அன்றே மீட்டர் எண்ணையும், பெயர்ந்த பூச்சையும், உடைந்த ஜன்னலையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பிறகு சாமான்களை இறக்குங்கள்.