சார்ஜருக்குள் ஓர் இடைவெளி

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ போன் கடையில் சார்ஜர் கேட்டால், "ஒரிஜினலா, கொப்பியா?" என்ற கேள்வி வரும். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் போன் சார்ஜ் ஏறும். ஆனால் விலை மட்டும் பல மடங்கு வேறுபடும். அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது என்று உறையை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ற் ஆடலோட்டம். போனுக்கு வேண்டியது 5 வோல்ற் அளவிலான நேரோட்டம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு, ஒன்றை மற்றதாக மாற்றும் இந்த வேலை புதியதல்ல. மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். டைனமோ தருவதும் ஆடலோட்டம்தான். அதை இருவாயிகளால் சீராக்கித்தான் ரேடியோவுக்குக் கொடுத்தார்கள். ஆனால் டைனமோவின் 6 வோல்ற் யாரையும் கொல்லாது. 230 வோல்ற் கொல்லும்.

சார்ஜர் முதலில் அந்த 230 வோல்ற்றை அப்படியே சீராக்குகிறது. உச்ச அழுத்தம் 325 வோல்ற்வரை போகும். பிறகு ஒரு திரான்சிற்றர் அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சின்ன நிலைமாற்றிக்குள் அனுப்புகிறது. பழைய ரேடியோக்களின் நிலைமாற்றி கையில் கனத்தது, 50 ஹேர்ட்ஸில் வேலை செய்ததால். வெட்டும் வேகம் கூடக்கூட நிலைமாற்றி சிறுக்கும். அதனால்தான் இன்றைய சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த நிலைமாற்றியைப் பற்றித்தான். இதன் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் உங்கள் கை. இரண்டு பக்கச் செப்புக் கம்பியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தப்புலம் மட்டுமே கடக்கிறது. நல்ல சார்ஜரின் சுற்றுப்பலகையில் இந்த இரு பக்கங்களுக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீற்றர் வெறுமையாக விடப்பட்டிருக்கும். நிலைமாற்றியின் கம்பிகளுக்கு இடையிலும் காப்பு நாடா பல சுற்றுச் சுற்றியிருப்பார்கள். மோசமான கொப்பியில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றர்கூட இராது, நாடாவும் பேருக்குத்தான். ஈரக்காற்றோ ஓர் எறும்போ போதும், சுவர் மின்சாரம் போனுக்கு வந்துவிட. யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016இல் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை மின்காப்புச் சோதனைக்கு உட்படுத்தியது. 397 தேறவில்லை.

சார்ஜ் ஏறும்போது, வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று போனைத் தொட்டால் மெல்லக் கூசுவது பலருக்கும் தெரியும். இரைச்சலை அடக்க இரு பக்கங்களுக்கும் நடுவே வைக்கும் ஒரு சிறு கொள்ளளவி வழியாகக் கசியும் மின்னோட்டமே பெரும்பாலும் அதற்குக் காரணம். தரமான சார்ஜரில் அது மிகச் சொற்பம், ஆபத்தில்லை. அந்த இடத்தில் மலிவான சாதாரணக் கொள்ளளவியைப் போட்டிருந்தால், அது பழுதாகும் நாளில் கூச்சம் அடியாக மாறும். கூச்சம் கூடிக்கொண்டே போனால் அந்தச் சார்ஜரைத் தூக்கி எறியுங்கள். பிள்ளைகள் சார்ஜில் போட்டபடியே போன் பார்க்கும் வீடுகளில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாங்கும்போது முள்ளையும் பாருங்கள். நம் வீடுகளில் இப்போது 13 ஆம்ப் சதுரத் துளைப் பொயின்ற்தான் பெருவழக்கு. இரண்டு உருளை முள் சார்ஜரை அதில் செருக, மேல் துளைக்குள் பேனையை விட்டு அழுத்துவது ஊரெங்கும் நடக்கிறது. மேல் துளைக்குள் ஏதாவது நுழைந்தால்தான் கீழே உள்ள மூடிகள் திறக்கும். குழந்தைகளின் விரலுக்காக வைத்த அந்தக் காவலை நாமே பேனையால் திறந்துவிடுகிறோம். போதாததற்கு உருளை முள் சதுரத் துளைக்குள் இறுகாது. தொடுப்புத் தளர்ந்து பொறி பறக்கும், பிளாஸ்ரிக் உருகும். மூன்று சதுர முள் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

பெரிய வாற்று சார்ஜர் போனைக் கெடுக்கும் என்ற பயம் தேவையில்லை. எவ்வளவு மின்னோட்டம் இழுப்பது என்பதைப் போனுக்குள் இருக்கும் சுற்றுத்தான் தீர்மானிக்கிறது. டைப்-சி வேக சார்ஜரும் 5 வோல்ற்றில் தொடங்கி, போன் கேட்டால் மட்டுமே 9 வோல்ற்றுக்கு ஏறும். சார்ஜ் மெதுவாக ஏறினால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். உள்ளே செப்பு மெலிந்திருந்தால் அழுத்தம் வழியிலேயே விழுந்துவிடும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது பவர் பாங்க் வாங்கியவர்கள் பலர். அதில் 10,000 மில்லி ஆம்ப்-மணி என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் கலத்தின் கணக்கு. 5 வோல்ற்றாக வெளியே வரும்போது ஆறாயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும்.

வயல் காவல் கொட்டிலில் சோலார் வைத்திருப்பவர்கள் பனலிலிருந்து போனுக்கு நேரே வயர் இழுக்கக் கூடாது. 12 வோல்ற் என்று விற்கும் பனல் நல்ல வெயிலில் 20 வோல்ற்றுக்கும் மேலே காட்டும். நடுவில் கொன்ரோலரும் பற்றரியும் இருக்க வேண்டும். பற்றரியிலிருந்து போனுக்கு, வாகனங்களில் செருகும் 12 வோல்ற் சார்ஜர் நல்லதாக ஒன்று போதும்.