ஒரு யூனிட்டுக்கு நான்கு கிராம் சுண்ணாம்பு

தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் பூசணிக்காய் விளக்குகள் வரிசையாக எரியும். அந்தக் கூட்டத்தில் ஒரு கடை, டீசல் ஜெனரேட்டருக்குப் பதில் காரவகை எரிபொருள் கலத்தில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் என்ன செலவாகும்? கலம் 0.7 வோல்ட்டில் ஓடினால் ஹைட்ரஜன் 54 கிராம், ஆக்சிஜன் 426 கிராம். 480 கிராம் தண்ணீர் கிடைக்கும்.

இதில் முரண்டு பிடிப்பது ஆக்சிஜன்தான். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் 4 எலக்ட்ரானை வாங்கி ஹைட்ராக்சைடாக மாறவேண்டும். அதைத் தூண்டத்தான் வினையூக்கி.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் கலங்களில் இதற்குத் தங்கமே பூசினார்கள். ஆக்சிஜன் பக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிகிராம். 90 பங்கு தங்கம், 10 பங்கு பிளாட்டினம். 465 சதுர சென்டிமீட்டர் கலங்கள் 96 சேர்ந்தது ஓர் அடுக்கு. பெருக்கிப் பாருங்கள்: தங்கம் மட்டும் 804 கிராம், அதாவது 100 சவரன்! உச்சத்தில் 12 கிலோவாட் தந்த அடுக்கு அது; கிலோவாட்டுக்கு எட்டு சவரனுக்கு மேல்.

பூமியில் இவ்வளவு வேண்டாம். காரத்தில் வெள்ளியும் வேலை செய்யும், பிளாட்டினம் அளவுக்கு வேகம் இல்லாவிட்டாலும். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வெள்ளி, 100 மில்லியாம்பியர் என்று வைத்தால் கிலோவாட்டுக்கு 29 கிராம் போதும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் செய்யும் கனமான கொலுசு ஒரு ஜோடியின் எடைகூட இல்லை. 1964-இல் ஆய்வாளர் ஜாசின்ஸ்கி கோபால்ட் தாலோசயனினும் இந்த வேலையைச் செய்யும் என்று காட்டினார். மாங்கனீசு டை ஆக்சைடு இன்னும் மலிவு. தாத்தாவின் காதுக்கருவிப் பட்டன் பேட்டரியில் ஸ்டிக்கரை உரித்தால் ஊசிமுனைத் துளைகள் தெரியும். அவற்றின் வழியே நுழையும் ஆக்சிஜனைக் காரத்துக்குள் மாற்றுவது பெரும்பாலும் இந்தக் கறுப்புப் பொடிதான்.

ஆகவே வினையூக்கி விலையை மட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பலர் எழுத மறக்கும் செலவு வேறு. தேவைக்கு இருமடங்கு காற்று ஊதினால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 3,100 லிட்டர். அதிலுள்ள 2.3 கிராம் கரியமில வாயு முழுவதும் கலத்தின் காரத்தில் கரைந்தால் 6 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கார்பனேட்டாகிவிடும். 100 யூனிட்டுக்கு 600 கிராம் காரம் பாழ். மின்வாயின் துளைகளும் அடைபடும்.

காற்றை முன்கூட்டியே நீற்றுச்சுண்ணாம்பு வழியாக விட்டால், கணக்குப்படி யூனிட்டுக்கு 4 கிராம் போதும். எரிபொருள் கலத்தில் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களே, பிளாட்டினத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கும் ஒரு வரி எழுதுங்கள்.