உஷார்! 'எப்படியும் பர்மனென்ட் ஆகிடும்' என்கிறாரா அந்த ஆள்?

பி.எட். முடித்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் பிறந்தால் ஒரு போன் வரும். "பக்கத்து ஊர் ஹைஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர் வேகன்ட். எஸ்.எம்.சி. மூலமா போடுறாங்க. இப்போதைக்கு டெம்பரரிதான். மூணு வருஷம் ஓட்டிட்டா பர்மனென்ட். கொஞ்சம் செலவாகும், அவ்ளோதான்."

செலவு என்ற சொல் காதில் விழுந்ததும் போனை வைத்துவிடுங்கள்.

வேலை நிஜமாகவே இருக்கலாம். 2022-ல் தமிழக அரசு 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் (எஸ்.எம்.சி.) வழியே தற்காலிகமாக நிரப்பச் சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் தொகுப்பூதியம். பிறகு அது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. இதற்காக யாருக்கும் பத்துப் பைசா தர வேண்டியதில்லை. புளுகு இருப்பது அந்த 'பர்மனென்ட்'டில்.

புரோக்கர் உடனே 2006-ஐ இழுப்பார். ஆமாம், தொகுப்பூதியத்தில் இருந்த ஆசிரியர்கள் அந்த ஆண்டு ஜூன் முதல் காலமுறைச் சம்பளத்துக்கு மாறினார்கள். ஆனால் அவர்கள் அரசின் தேர்வு முறை வழியே உள்ளே வந்தவர்கள். அதே 2006 ஏப்ரலில்தான் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பல வருடம் வேலை பார்த்ததை மட்டும் காட்டி நிரந்தரம் கேட்க முடியாது என்றது. இதைப் புரோக்கர் சொல்ல மாட்டார். நெடுங்காலம் உழைத்தவர்கள் பக்கம் சாய்ந்த தீர்ப்புகளும் பின்னால் வந்தன. அதற்கும் அவர்கள் கோர்ட் படியேற வேண்டியிருந்தது. 2012-ல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்களைப் பாருங்கள். பத்து வருடம் கடந்தும் நிரந்தரம் கேட்டுச் சென்னைத் தெருவில் உட்கார்ந்தார்கள். பல வருடம் மே மாதம் அவர்களுக்குச் சம்பளமே இல்லாமல் இருந்தது.

சரி, பணம் கொடுக்காமலே சேர்ந்துவிட்டீர்கள். அப்போதும் உஷாராக இருங்கள். அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021-லிருந்து பன்னிரண்டு மாதம். நல்ல விஷயம். அந்த ஒரு வருட வகுப்பைப் பல இடங்களில் சுமப்பது உங்களைப் போன்ற ஒருவர். முதல் நாள், முதல் பீரியடே பத்தாம் வகுப்பு. முந்தைய டீச்சர் எதுவரை நடத்தினார் என்று சொல்ல ஆள் இருக்காது. கேட்டால் கடைசி பெஞ்ச் பையன்தான் சொல்வான். அவனும் தனக்குப் பிடிக்காத பாடத்தை 'முடிச்சாச்சு மிஸ்' என்பான். யார் லீவு போட்டாலும் உங்கள் ஃப்ரீ பீரியடில்தான் கை வைப்பார்கள். மறுத்தால் அடுத்த ஜூனில் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். தொண்டை கட்டிக்கொண்டாலும் லீவு எடுக்கத் தயக்கம், அன்றைய சம்பளம் போய்விடுமே! அந்தச் சம்பளமும் பல நேரம் தாமதமாகத்தான் வரும். பஸ் காசுக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், குறைந்த சம்பளத்தைவிட ஆளை அரிப்பது இந்த வாய்மூடல்தான். இதை ரெகுலர் ஸ்டாஃப் கவனிப்பது அபூர்வம். (எச்.எம்.கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எதுவரை பாடம் முடிந்தது, எந்தப் பிள்ளைக்கு என்ன சிக்கல் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?)

நியமன ஆணை இல்லாமல் வாய்ச்சொல்லை நம்பி ஒரு நாளும் வகுப்புக்குள் போகாதீர்கள். ஆணையிலேயே 'ரெகுலர் ஆள் வரும்வரை அல்லது கல்வியாண்டு முடியும்வரை' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணியில் சேர்ந்த அறிக்கையின் நகல் உங்களிடம் இருக்கட்டும். அனுபவச் சான்றிதழை ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். இடமாறுதல் கலந்தாய்வில் எச்.எம். வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால் சான்றிதழுக்கு அலைவது நீங்கள்தான். டெட், டி.ஆர்.பி. படிப்பை 'இப்போதான் வேலைக்குப் போறோமே' என்று மூட்டை கட்டி வைத்தவர்கள் அநேகம். புரோக்கருக்கு மிகவும் பிடித்த ஆட்கள் இவர்கள்தான்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? ஜிபே ரசீது, வாட்ஸ்அப் ஆடியோ எதையும் அழிக்காதீர்கள். மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். சென்னை என்றால் மத்திய குற்றப்பிரிவு. "கொடுத்தவன் மேலயும் கேஸ் வரும்" என்று அந்த ஆள் மிரட்டத்தான் செய்வார். ஸ்டேஷனுக்குப் போகும்போது ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு போங்கள்.