வைஃபை ஏன் திக்குகிறது?

"நெட் விட்டு விட்டு வருது சார்" என்று கூப்பிட்டால், நான் முதலில் தேடுவது ரவுட்டரை. பெரும்பாலும் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரும்பு அலையைத் தடுக்கும்; வெளியே எடுத்து உயரத்தில் வைத்தாலே பல வீடுகளில் புகார் தீர்ந்துவிடும்.

அடுக்ககத்தில் வேறு தொல்லை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கத்து ரவுட்டர்களெல்லாம் அங்கேதான் முண்டியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும்.

பலரும் சந்தேகப்படாத ஆசாமி யூஎஸ்பி 3.0. அதில் செருகிய ஹார்ட் டிஸ்க் 2.4-இல் இரைச்சல் கிளப்பும். 2012-இல் இன்டெல்லே இதை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. பக்கத்தில் வைஃபை டாங்கிள் இருந்தால், எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். கணினி ஒரே மேசையில்தான் இருக்குமென்றால் லேன் கேபிளே இழுத்துவிடுங்கள். எனக்கு வேலை குறையும், பரவாயில்லை.