கூட்டத்தில் நம்ம பை பத்திரம்

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போகும் சகோதரிகளுக்குத் தெரியும், செங்கல்பட்டில் ஏறினால் திருக்கழுக்குன்றம் தாண்டியும் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. அந்த நெரிசலில் முதுகில் மாட்டிய பையை யாராவது திறந்தாலும் தெரியாது, பிளேடு போட்டாலும் தெரியாது.

ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் திருடுகிறார்கள். அப்போது நமக்கு ஒரு கை கம்பியில், ஒரு கை பிள்ளை மேல். அதனால் பஸ் வரும் முன்பே பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். ஜிப்பில் ஒரு ஊக்கு குத்தி விடுங்கள். "அக்கா, உங்க காசு கீழே கெடக்கு" என்று யாராவது சொன்னால் உடனே குனியாதீங்க, முதலில் பையைப் பிடிங்க. கடலில் கால் நனைக்கப் போகும்போதும் ஒருத்தர் மணலிலேயே பையோடு உட்காரட்டும்.

குழுப் பணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எல்லோரும் கட்டிய தவணை தொலைந்தால் பணம் மட்டுமா போகும்? கொண்டு போனவர் மேல் சந்தேகமும் வரும். வங்கிக்குப் போகிற நாளில் கோயில், கடை என்று எதையும் சேர்க்காதீங்க. இரண்டு பேராகப் போங்க. பணம் இடுப்புச் சுருக்குப்பையில், பாஸ்புக் அடுத்தவரிடம்.

மீறித் திருடு போனால் 112, ரயிலில் என்றால் 139-க்கு போன் செய்யுங்கள். ஏ.டி.எம். கார்டு இருந்தால் வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கி குழுவின் தீர்மான நோட்டோடு வையுங்கள்.